மறைவாய் அணியும் திருவுடை

1879-ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் யூட்டா பகுதி இன்னும் ஒரு மாநிலமாக ஏற்கப்படாத காலம். சால்ட் லேக் நகரத்து நீதிமன்றத்தில் 64 வயது முதியவர் ஒருவர் சாட்சி சொல்ல நிற்கிறார். டேனியல் வெல்ஸ் என்பது அவர் பெயர். அந்நகரத்தின் மேயராகப் பத்தாண்டுகள் பணியாற்றியவர். தம் சபையின் மூத்த தலைவர்களுள் ஒருவர். பலதார மணம் செய்துகொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட வேறொருவரின் வழக்கில் அவர் சாட்சியாக அழைக்கப்பட்டிருந்தார். அரசு வழக்கறிஞர் அவரிடம், சபையின் திருச்சடங்கு இல்லத்தில் அணியப்படும் உடைகள் எத்தகையவை என்று கேட்டார். முதியவர் விடைசொல்ல மறுத்தார். தாம் எவரிடமும் வெளியிடுவதில்லை என்று கடவுள் முன் ஏற்றுக்கொண்ட ஒன்றை எந்த நீதிமன்றத்துக்காகவும் வெளியிட இயலாது என்பதே அவருடைய நிலை. நீதிமன்ற அவமதிப்புக்காக 100 டாலர் அபராதமும் இரண்டு நாள் சிறையும் அவருக்கு விதிக்கப்பட்டன. அவர் விடுதலையாகி வந்த நாளில் ஆயிரக்கணக்கான மக்கள் ஊர்வலமாகத் திரண்டு அவரை வரவேற்றனர்.

ஓர் உடையைப் பற்றி வாய்திறக்க மறுத்ததற்காக ஒருவர் சிறை சென்றார். 135 ஆண்டுகள் கழித்து, 2014 அக்டோபர் மாதத்தில், அதே சபை தானாகவே முன்வந்து, அதே திருவுடைகளை ஒரு குறும்படத்தின் வழியாக உலகம் முழுவதும் காணும்படி விரித்துக் காட்டியது. இடையில் நடந்தது என்ன? மறைத்து வைத்திருந்த வரையில்தான் அவ்வுடை புனிதமாக இருந்ததா? வெளியே காட்டியபின் அதன் புனிதம் போயிற்றா? இக்கேள்விகள் நமக்குத் தொடர்பில்லாதவை போலத் தோன்றலாம். ஆயினும் சற்றுப் பொறுமையாகச் சிந்தித்தால், இவை நம் வீட்டு வாசலையும் தொடுவதைக் காண்போம்.

இவர்கள் யார்?

'மார்மோன்கள்' என்று உலகம் அழைக்கும் இவர்களுடைய சபையின் முழுப்பெயர் 'பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பதாகும். அப்பட்டப்பெயரை விடுத்துத் தங்களை முழுப்பெயரால் அழைக்குமாறு, அப்போது தலைவராயிருந்த ரசல் நெல்சன் 2018-இல் கேட்டுக்கொண்டார். ஒருவரை அவர் விரும்பும் பெயரால் அழைப்பதே பண்பாடு ஆதலால், நாம் இக்கட்டுரையில் 'இச்சபையார்' என்றே குறிப்பிடுவோம்.

ஜோசப் ஸ்மித் என்பவர் 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் இச்சபையைத் தொடங்கினார். எதிர்ப்பினால் ஊர்விட்டு ஊர் பெயர்ந்த இவர்கள், இல்லினாய் மாநிலத்தில் நாவூ என்னும் நகரை எழுப்பினர். 1844-இல் ஸ்மித் அருகிலிருந்த கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் பிரிகாம் யங் என்பவரின் தலைமையில் இவர்கள் மேற்கு நோக்கிப் பயணப்பட்டு, 1847-இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தனர். ஒருகாலத்தில் இவர்களிடையே இருந்த பலதார மணத்தை 1890-இல் சபைத் தலைமை கைவிட்டது.

கடவுளைப் பற்றியும் தமத்திரித்துவத்தைப் பற்றியும் இவர்கள் போதிப்பதற்கும் நம் திருச்சபையின் விசுவாசத்திற்கும் ஆழமான வேறுபாடு உண்டு. இவர்கள் அளிக்கும் ஞானஸ்நானம் செல்லத்தக்கதன்று என 2001-இல் ரோமாபுரி தெளிவுபடுத்தியது. அவ்வேறுபாட்டை மூடி மறைப்பது நம் நோக்கமன்று. எனினும் அதே ரோமாபுரியில், 2019 மார்ச் 9-ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் இச்சபைத் தலைவர் நெல்சனை வத்திக்கானில் அன்புடன் வரவேற்றார். மறுநாள் அந்நகரில் இச்சபையாரின் ஆலயம் நேர்ந்தளிக்கப்படத் தொடங்கியது. கொள்கையில் உடன்படாமலே மரியாதையில் குறைவுபடாதிருக்க முடியும் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு சான்று. நம் அண்டையிலுள்ள பெங்களூரிலும் இவர்களுக்கு ஓர் ஆலயம் அமையுமென 2018-இல் அறிவிக்கப்பட்டு, 2020 டிசம்பரில் அதற்கான பணி தொடங்கியது. ஆகவே இவர்களைப் பற்றி நம்மவர் கேள்வி எழுப்பும் நாள் தொலைவில் இல்லை.

உடலோடு ஒட்டிய உடன்படிக்கை

இச்சபையார் ஞாயிறுதோறும் கூடும் தொழுகைக் கூடங்கள் எல்லாருக்கும் திறந்தவை. ஆலயங்களோ வேறு. நேர்ந்தளிப்புக்கு முன் சில வாரங்கள் மட்டும் அவற்றைப் பொதுமக்கள் உள்ளே சென்று காணலாம். அதன்பின், தலைவர்களின் நேர்காணலில் தகுதி பெற்றுச் சீட்டு வைத்திருக்கும் உறுப்பினரே நுழைய முடியும். உள்ளே நடைபெறும் முதன்மைச் சடங்கு, மேலிருந்து அருளப்படும் 'கொடை' என்னும் பொருளுடைய பெயரால் வழங்குகிறது. 1842 மே 4-ஆம் நாள், நாவூ நகரில் ஸ்மித்தின் செங்கல் கடை மாடியறையில் அது முதன்முதலாகச் சிலருக்கு வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு பெண்களும் அதைப் பெற்றனர்.

இச்சடங்கில் கடவுளோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் ஒவ்வொருவரும், அன்றுமுதல் தம் வெளியாடைக்கு உள்ளே வெண்ணிற ஆடை ஒன்றை அணிகிறார்கள். ஆலயத்திற்குள் மட்டும் அணியும் மேலங்கி, இடைக்கச்சை, தலையணி முதலியவை வேறு. இவ்வுள்ளாடை அன்றாட வாழ்வில் இரவும் பகலும் உடலோடு இருப்பது. ஏதேன் தோட்டத்தினின்று வெளியேறிய ஆதாமுக்கும் ஏவாளுக்கும் கடவுள் தோலாடை உடுத்தினார் என்று ஆதியாகமத்தில் வாசிக்கிறோம் அல்லவா? அதன் நினைவே இவ்வாடை என்று இச்சபையார் கருதுகின்றனர். கொடுத்த வாக்கை ஒவ்வொரு நாளும் உடம்புக்கு நினைவூட்டும் துணி அது. பழையதாகிக் கிழிந்தாலும் அதைக் கண்ட இடத்தில் எறிவதில்லை; அதில் தைக்கப்பட்ட சிறு குறிகளை வெட்டியெடுத்து அழித்த பின்னரே துணியைக் கழிப்பர். அர்ச்சிக்கப்பட்ட பொருள் பழுதானால் நாம் அதைக் குப்பையில் போடாமல் எரிப்பதோ மண்ணில் புதைப்பதோ இல்லையா?

அக்குறிகள் எத்தகையவை, அவற்றின் பொருள் என்ன என்பதை நாம் இங்கு எழுதப்போவதில்லை. எழுதியுள்ள நூல்கள் உண்டு. ஆனால் நம் அயலார் பேசாது காக்கும் ஒன்றை, அது நமக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்காக மட்டும் பேசிவிடுவது அழகன்று.

மாறாதது மாறியபோது

1906-இல், அன்றைய தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித், இவ்வுடை கடவுள் தந்த வடிவிலேயே நிலைக்கவேண்டும், காலத்தின் கோலத்திற்கேற்ப எவரும் அதை மாற்றலாகாது என்று வலியுறுத்தி எழுதினார். அக்காலத்தில் அது மணிக்கட்டு வரை கையும் கணுக்கால் வரை காலும் மூடிய ஒரே உடையாக, கழுத்துப்பட்டையும் முடிச்சிடும் நாடாக்களும் கொண்டதாக இருந்தது. 17 ஆண்டுகள் சென்றன. 1923-இல் அவருக்குப் பின்வந்த ஹீபர் கிராண்ட் தலைமையில் சபை புதிய வடிவை அனுமதித்தது. கை முழங்கை வரை குறுகியது, கால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது, நாடாக்களுக்குப் பதில் பொத்தான்கள் வந்தன, கழுத்துப்பட்டை நீங்கியது.

இதனால் மனம் கலங்கியவர்கள் பலர். வானினின்று வந்த வடிவம் என்று கற்றுக்கொண்டதைக் கடிதம் ஒன்று மாற்றலாமா என்று கேட்டனர். சபையிலிருந்து பிரிந்து போன சில கூட்டத்தார் பழைய நீண்ட உடையை விடாமல் பற்றிக்கொண்டனர். சபையும் ஒரேயடியாக மாறிவிடவில்லை. ஆலயத்துக்குள் நீண்ட உடையும் வெளியே குறுகிய உடையுமாக அரை நூற்றாண்டு கழிந்தது. 1975-இல்தான் ஆலயத்துக்குள்ளும் குறுகிய வடிவம் ஏற்கப்பட்டது. 1979-இல் ஒரே உடை, மேல் ஒன்றும் கீழ் ஒன்றுமாக இரண்டாகப் பிரிந்தது. 2019 ஜனவரியில், ஆலயச் சடங்கின் ஒரு பகுதியில் பெண்கள் முகத்தைத் திரையிட்டு மறைக்கும் வழக்கம் அவரவர் விருப்பத்திற்கு விடப்பட்டது. 2020-இல் ஆலய மேலுடைகளும் எளிமையாக்கப்பட்டன.

வடிவம் மாறிற்று, வாக்கு மாறவில்லை என்று தலைமை கூறியது. அவ்விடை பலருக்கு ஆறுதல் அளித்தது, சிலருக்கு அளிக்கவில்லை. மாற்றத்தைக் கண்டு வருந்துவோரை நாம் எளிதாகப் பழித்துவிட வேண்டாம். தன் தாய் உடுத்தியிருந்தபடியே தானும் உடுத்த வேண்டுமென்று ஒருத்தி விரும்புவது பிடிவாதம் மட்டுமன்று; அது அன்பும் ஆகும்.

திருடிய படமும் தானாய்க் காட்டிய படமும்

1911-ஆம் ஆண்டுக் கோடையில் நிகழ்ந்தது இது. 40 ஆண்டுகள் கட்டப்பட்டு 1893-இல் நேர்ந்தளிக்கப்பட்ட சால்ட் லேக் ஆலயம், துப்புரவுப் பணிக்காக மூடியிருந்தது. சபைமீது கசப்புற்றிருந்த கிஸ்பர்ட் பாசார்ட் என்னும் இளைஞர், இரகசியமாக உள்ளே புகுந்து அறைகளைப் படம்பிடித்தார். அவருக்குத் துணைநின்ற மாக்ஸ் ஃபுளோரன்ஸ் என்பவர், 1,00,000 டாலர் தந்தால் படங்களை ஒப்படைப்பதாகச் சபைத் தலைமைக்குத் தூது அனுப்பினார். திருட்டுப் பொருளை வைத்துப் பேரம் பேசுவோரோடு எமக்குப் பேச்சில்லை என்று தலைமை மறுத்தது.

அதோடு நிற்கவில்லை. ஜேம்ஸ் டால்மேஜ் என்னும் கற்றறிந்த உறுப்பினரின் யோசனையை ஏற்று, ஆலயத்தின் அறைகளைத் தாங்களே முறைப்படி படமெடுத்து, அவர் எழுதிய விளக்க நூலோடு 1912-இல் வெளியிட்டனர். திருடியவர் கையிலிருந்த சரக்கு அன்றே மலிந்து போயிற்று. இங்கே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அறைகளைக் காட்டினார்கள், சடங்கைக் காட்டவில்லை. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்னும் எல்லையைத் திருடன் வரையவிடாமல், வீட்டுக்காரரே வரைந்தார்கள்.

2009-இல் எச்.பி.ஓ. தொலைக்காட்சி நிறுவனம் தன் தொடர்நாடகம் ஒன்றில் ஆலயச் சடங்கை, உடைகளோடும் நடித்துக் காட்டியது. சபையார் வருந்தினர், நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, ஆனால் காட்சியை ஒளிபரப்பியே தீர்த்தது. 2012-இல் இச்சபையைச் சேர்ந்த மிட் ராம்னி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோது, அவருடைய உள்ளாடை நாடெங்கும் நகைச்சுவைப் பொருளாயிற்று. 'மந்திர உள்ளாடை' என்று கேலி பேசினர்.

இந்நிலையில்தான் 2014-இன் குறும்படம் வந்தது. உடைகளை மேசைமேல் விரித்துக் காட்டி, அவற்றின் நோக்கத்தை அமைதியாக எடுத்துரைத்தது. 'மந்திர' என்னும் சொல் உண்மையுமன்று, புண்படுத்துவதுமாகும் என்றது. பின்பு, யூதரின் செபப் போர்வை, இசுலாமியரின் தொப்பி, புத்த துறவியின் காவியுடை ஆகியவற்றோடு, கத்தோலிக்கக் குருவின் அங்கியையும் கன்னியரின் துறவற உடையையும் ஒப்புமையாகக் குறிப்பிட்டது. ஆம், அன்பர்களே! ஏளனத்துக்கு ஆளான அம்மக்கள், தங்கள் மனநிலையை உலகுக்குப் புரியவைக்க நம் குருக்களையும் நம் அருட்சகோதரியரையும் சுட்டிக்காட்டினார்கள். கன்னியரின் உடையை மதிப்பீர்கள் அல்லவா, அதுபோல எங்களுடையதையும் மதியுங்கள் என்று வேண்டினார்கள். இவ்வேண்டுகோளைக் கேட்டபின் நாம் சிரிப்பது எங்ஙனம்?

மௌனத்தின் மறுபக்கம்

இதுவரை சொன்னது வெளியாரின் ஏளனத்தைப் பற்றி. இனிச் சொல்லப்போவது, மௌனம் உள்ளேயிருப்போருக்குத் தந்த துன்பத்தைப் பற்றி.

இரவும் பகலும் உடலோடு ஒட்டியிருக்கும் ஆடை அது. கருவுற்ற பெண்ணும், பால்கொடுக்கும் தாயும், வெப்பநாட்டில் வாழ்பவரும் அதை அணிய வேண்டும். துணி காற்றோட்டமில்லாததாக இருந்தால்? தையல் உறுத்தினால்? தோல் புண்ணாகி நோய்த்தொற்று வந்தால்? யாரிடம் சொல்வது? புனிதமானது, பேசக்கூடாதது என்று கற்பிக்கப்பட்ட பெண், தன் உடலின் வேதனையையும் அதனுடன் சேர்த்தே விழுங்கிக்கொண்டாள். சபையின் உயர்தலைமையில் இருப்போர் ஆண்கள். அவர்களிடம் உள்ளாடையைப் பற்றி எப்படிப் பேசுவது என்னும் நாணம் வேறு. 2021-இல் இப்பெண்களுள் சிலர் துணிந்து வெளிப்படையாகவே பேசினர். மென்மையான, காற்றுப் புகும் துணி வேண்டும் என்று கேட்டனர். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதைச் செய்தியாக வெளியிட்டது. புனிதமானதைத் தெருவுக்கு இழுத்து வந்துவிட்டீர்களே என்று சபையாருள் சிலர் அவர்களைக் கடிந்தனர். எங்கள் வாயினின்று வந்ததைத்தான் சொன்னோம் என்று ஆறுதல் பெற்றவர்களும் உண்டு.

2024 ஏப்ரலில் சபைத் தலைமை, இவ்வாடையை வாழ்நாள் முழுவதும் அணியவேண்டிய கடமையை மீண்டும் வலியுறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளுக்கென்று கையில்லாத மேலாடையையும், பெண்களுக்குப் பாவாடை போன்ற வடிவையும் அறிவித்தது. 2025-இல் அமெரிக்காவிலும் அவை விற்பனைக்கு வந்தன. மகிழ்ச்சியோடு கண்ணீரும் கலந்தது. தோளை மறைப்பதே அடக்கம் என்று தன் மகளுக்குக் கண்டிப்புடன் கற்பித்த தாய், இப்போது அவள் முகத்தைப் பார்த்து என்ன சொல்வாள்? இத்தனை ஆண்டுகள் நான் பட்ட தொல்லை எதற்காக என்று கேட்கும் மூதாட்டிக்கு யார் விடைகூறுவர்? விதியை மாற்றுவது எளிது. விதியால் காயம்பட்டவரிடம் அன்புடன் பேசுவதே அரிது.

நம் வீட்டுக் கண்ணாடி

இவ்வளவும் அயலாரின் கதை என்று எண்ணிவிட வேண்டாம். ஆதித் திருச்சபையில், ஞானஸ்நானம் பெறாதவர்கள் நற்கருணை வழிபாடு தொடங்குமுன் வெளியே அனுப்பப்பட்டனர். நான்காம் நூற்றாண்டில் எருசலேம் நகர்ப் புனித சிரில், தேவதிரவிய அனுமானங்களின் உட்பொருளை ஞானஸ்நானம் பெற்ற பின்னரே புதிய கிறிஸ்தவர்களுக்கு விளக்கினார். புதிதாய்த் திருமுழுக்குப் பெற்றோர் எட்டு நாட்கள் வெண்ணிற ஆடை அணிந்தனர். இன்று நம் பலிபூசை எல்லார் கண்முன்னும் நடக்கிறது. எனினும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முத்திரை இன்றும் உடைபடாதது. எந்த நீதிமன்றம் கேட்டாலும் குருவானவர் அதைத் திறவார். டேனியல் வெல்ஸின் மறுப்பு நமக்கு விளங்காத மொழி அன்று.

உடை மாற்றமும் நமக்குப் புதிதன்று. நம் பாட்டிமார் கழுத்தில் அணிந்த கார்மேல் உத்தரியத்தை நினைத்துப் பாருங்கள். வெப்பநாடுகளில் கம்பளித்துணி வியர்வையில் ஊறி விரைவில் நைந்துபோகிறது என்னும் மறைப்பணியாளரின் முறையீடும் காரணமாக, 1910-இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் துணிக்குப் பதிலாக ஒரு பதக்கத்தை அணிய அனுமதி தந்தார். மரியன்னைமீதுள்ள பக்தி அதனால் தேய்ந்துவிட்டதா? 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், துறவியரின் உடை எளிமையும் அடக்கமும் உடையதாக, உடல்நலத்துக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்றதாக இருக்கவேண்டும் என்று பணித்தது. உடல்நலம் என்னும் சொல்லைச் சங்கத் தந்தையர் வெறுமனே சேர்க்கவில்லை. கனத்த உடைக்குள் வெந்த எத்தனையோ அருட்சகோதரியரின் பேசாத துன்பத்திற்கு அச்சொல் காது கொடுத்தது. அவ்வுடைகள் மாறியபோது முணுமுணுத்தவர்கள் நம்மிடையேயும் இருந்தார்கள் அல்லவா?

ஆகவே இக்கதையிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? புனிதமானதைச் சூழ்ந்து நிற்கும் மௌனம் இரு வகைப்படும். வலிந்து நுழைய விரும்புவோரின் முன்பும், ஏளனம் செய்ய வருவோரின் முன்பும் காக்கும் மௌனம் ஒன்று, அது வேலி. வேதனைப்படுகிற நம்மவரின் வாயை மூடும் மௌனம் மற்றொன்று, அது பூட்டு. வேலியைப் பிடுங்கலாகாது; பூட்டைத் திறக்கவேண்டும். நீதிமன்றத்தில் வாய்திறவாத முதியவரும் சரி, தன் உடலின் நோவைத் துணிந்து சொன்ன பெண்ணும் சரி, தத்தம் இடத்தில் புனிதத்தைக் காத்தவர்களே. துணியின் அளவு மாறலாம். வலிக்கிறது என்று சொல்லும் பெண்ணைக் கேட்கும் செவி மாறாமல் இருக்கவேண்டும்.

சால்ட் லேக் ஆலயம் புதுப்பிக்கப்பட்டு, 2027-இல் சில மாதங்கள் எல்லாருக்கும் திறந்து வைக்கப்படுமென அறிவிக்கப்பட்டுள்ளது. அதன்பின் கதவு மீண்டும் சாத்தப்படும். நாம் அங்குச் செல்லப்போவதில்லை. ஆனால் நம் இல்லத்திலும் சாத்திய கதவுகள் உண்டு. மகளின் நாட்குறிப்பும், மாமியாரின் செபப்பெட்டியும், நோயுற்ற மனைவி யாரிடமும் சொல்லாது மறைக்கும் வலியும் அவற்றுள் அடங்கும். எக்கதவைத் தட்டாமல் விலகி நிற்பது, எக்கதவை மெல்லத் தட்டி, 'என்னம்மா, என்ன செய்கிறது?' என்று கேட்பது என்பதைப் பகுத்தறியும் ஞானத்தை, இன்று மாலைக் குடும்பச் செபத்தில் நாம் இறைவனிடம் கேட்போமாக.